கழுகுகள் ஏன் மறைந்தன? நம் பிள்ளைகள் ஏன் தேர்வு எழுதுவதில்லை?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அல்ஹம்துலில்லாஹ். இந்த ஆண்டும் நம் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கான காசோலைகளை வழங்கும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். வழக்கமாக இந்த மேடையில் "நன்றாகப் படியுங்கள், பெற்றோருக்குப் பெருமை சேருங்கள்" என்று சொல்லிவிட்டு நாங்கள் அமர்ந்துவிடுவோம். இந்த முறை ஒரு மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் சற்றுக் கூடுதலாக நேரம் எடுத்துக்கொள்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களில் "எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறாய்?" என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் இன்ஜினியர், டாக்டர், நர்ஸ், துபாயில் வேலை என்றுதான் எழுதி வரும். ஒரு பிள்ளை மட்டும் "ஐ.பி.எஸ்." என்று எழுதியிருந்தார். அழைத்துப் பேசினோம். பழைய யு.பி.எஸ்.சி. வினாத்தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். ஒரு கேள்வியைக் காட்டி, "மாமா, போலீஸ் அதிகாரி ஆகிறதுக்குக் கழுகைப் பத்தி எதுக்குக் கேக்குறாங்க?" என்றார்.

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் படித்த பிறகுதான், அந்தக் கேள்விக்குள் நம் சமுதாயத்துக்கான பாடமும் இருப்பது புரிந்தது.

2012ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்வில் வந்த கேள்வி அது. முன்பு இந்தியக் கிராமப்புறங்களில் சாதாரணமாகக் காணப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் இப்போது அரிதாகிவிட்டதற்குக் காரணம் என்ன என்று கேட்டு, நான்கு பதில்கள் கொடுத்திருந்தார்கள். கூடுகட்டும் இடங்களை வேறு இனங்கள் அழித்துவிட்டனவா? மாடுகளுக்குக் கொடுக்கும் மருந்தா? இரைப் பஞ்சமா? கொள்ளை நோயா?

இங்கே இருக்கும் பெரியவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால் வானத்தில் வட்டமிட்டு இறங்கும் அந்தப் பெரிய பறவைகள். பாறு என்றும் பாறுக் கழுகு என்றும் சொல்வோம். செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றம் என்று ஊருக்கே கழுகின் பெயர் இருக்கிறது. 1980களில் இந்தியாவில் இவை கோடிக்கணக்கில் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். வெண்முதுகுப் பாறு என்ற இனம் மட்டும் 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் குறைந்துபோனது. பதினைந்தே ஆண்டுகளில் ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

ஆரம்பத்தில் ஏதோ கிருமிதான் காரணம் என்று விஞ்ஞானிகளே நினைத்தார்கள். உண்மையான காரணம் 2004இல் வெளிவந்தது. பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்து விழுந்த கழுகுகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்து செத்திருந்தன. காரணம் டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாமும் போட்டுக்கொள்ளும் அதே வலி மருந்து. விலை மலிவு என்பதால் 1990களில் மாடுகளுக்கும் பரவலாகப் போட்டார்கள். ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறந்தால், அந்த இறைச்சியைத் தின்ற கழுகும் செத்தது. மாட்டுக்குச் சொந்தக்காரர் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. பாவம், தன் மாட்டின் வலியைத்தான் போக்க நினைத்தார்.

ஆக, சரியான விடை இரண்டாவது, மாட்டு மருந்து.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லா மாட்டுச் சடலத்திலும் மருந்து இருந்துதான் இப்படி ஆனது என்றில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். எப்படி? பாறுக் கழுகு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். போகிறவை சற்றே கூடி, வருகிறவை அதே அளவில் நின்றுவிட்டால், கணக்கு ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் வானம் காலியாக இருக்கும்.

உயிரினங்கள் அற்றுப்போவதற்குப் பல காரணங்கள் உண்டு. பிள்ளைகள் தேர்வுக்காகவும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாழிடம் அழிவது. இரண்டு, அளவுக்கு மீறிய வேட்டை. வட அமெரிக்காவில் பயணப் புறா என்று ஒரு பறவை கோடானுகோடியாக இருந்தது. சுட்டுச் சுட்டு, கடைசி ஒன்று 1914இல் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. நம் நாட்டின் சிவிங்கிப்புலியும் இப்படித்தான் வேட்டையிலும் வாழிட இழப்பிலும் முடிந்தது. 1952இல் அது இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். மூன்று, வெளியிலிருந்து வந்து குடியேறும் இனங்கள். மொரீஷியஸ் தீவில் பறக்க முடியாத டோடோ பறவை இருந்தது. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் முட்டைகளைத் தின்றன. நூறு ஆண்டுகளுக்குள் டோடோ இல்லை. நம் மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்களில் சீமைக் கருவேலம் ஏறி நிற்பதும் இந்த வகைதான். நான்கு, நஞ்சும் மாசும். கழுகுக்கு நேர்ந்தது இதுவே. ஐந்து, பருவநிலை மாற்றம். இவற்றில் ஒன்று பலவீனப்படுத்தும், இன்னொன்று வந்து முடித்துவைக்கும்.

"கழுகு போனால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். கழுகுகள் போனபின் செத்த மாடுகள் கிடந்து அழுகின. தெருநாய்கள் பெருகின. நாய்க்கடியும் வெறிநோயும் தண்ணீர் மாசும் கூடின. இந்தியாவில் கழுகுகள் இருந்து மறைந்த மாவட்டங்களை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. 2000 முதல் 2005 வரை மட்டும் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று அது கணக்கிட்டது. தோட்டி வேலை செய்கிறது என்று நாம் முகம் சுளித்த பறவை நம் பிள்ளைகளைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அல்குர்ஆனின் ஆறாவது அத்தியாயம் அல்அன்ஆம், 38ஆம் வசனம். பூமியில் நடமாடும் உயிரினங்களும் சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்லாஹ் அங்கே சொல்கிறான். நமக்குச் சொல்லும் "உம்மத்" என்ற அதே சொல்லைத்தான் பறவைக்கும் சொல்கிறான். மத்ரஸாவில் இதை ஓதியபோது நாங்கள் தஜ்வீதைத்தான் கவனித்தோம். நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கப்பலில் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி ஏற்றப்பட்ட வரலாற்றையும் சிறு வயதிலிருந்தே கேட்கிறோம். ஓர் இனம் வேரோடு போய்விடக் கூடாது என்ற பாடம் அதில் இருப்பதை இவ்வளவு காலம் கழித்துத்தான் உணர்கிறோம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். போலீஸ் அதிகாரிக்கு இது எதற்கு?

முதல் காரணம், சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி, சந்தேகப்படும் வாகனத்தையும் ஆளையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் வனத்துறைக்கு மட்டுமின்றி, சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத எந்தக் காவல் அதிகாரிக்கும் உண்டு. ராமநாதபுரம் கடற்கரையில் கடல் அட்டைக் கடத்தலைப் பிடிப்பதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். தான் பிடித்த மூட்டையில் இருப்பது என்ன, அது ஏன் குற்றம் என்று தெரியாத அதிகாரி வழக்கை எப்படி நடத்துவார்?

இரண்டாவது, ஊர். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி நாம் எல்லோரும் அறிந்த ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பகுதியை அறிவித்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஷாஹீன் என்று பெயர் வைக்கிறோமே, அந்த ஷாஹீன் வல்லூறு அங்கே பாறைகளில் வாழ்கிறது. 2024 இறுதியில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தபோது மேலூர் வட்டார மக்கள் சாதி மதம் பார்க்காமல் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. அப்படி ஆயிரக்கணக்கில் மக்கள் திரளும் நாளில், அவர்கள் எதைக் காக்க வந்திருக்கிறார்கள் என்று புரிந்த அதிகாரி நிற்பதற்கும், புரியாத அதிகாரி நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாவது காரணம் முக்கியமானது. கண்ணுக்குத் தெரிகிற முதல் காரணத்தை நம்பிவிடாமல் உண்மைக் காரணத்தைத் தேடும் பழக்கம். ஒரு கொலை வழக்கை விசாரிப்பதும், கழுகு ஏன் செத்தது என்று விசாரிப்பதும் ஒரே மாதிரி வேலைதான். முதலில் சந்தேகப்பட்டவனையே குற்றவாளி என்று முடிவு கட்டினால் நிரபராதி சிறைக்குப் போவான்.

இதே பழக்கத்தோடு நம் சமுதாயத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்போம். "போலீஸில் நம்ம ஆளுங்க இல்லை" என்று டீக்கடையில் பேசுகிறோம். ஏன் இல்லை? "எடுக்க மாட்டாங்க" என்று நாமே பதிலும் சொல்லிக்கொள்கிறோம். 2006இல் நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. நாட்டின் மக்கள்தொகையில் நாம் 13.4 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம் என்று அதில் இருந்தது. இந்த எண்ணை எல்லா மேடையிலும் சொல்லிவிட்டார்கள். அதே அறிக்கையில் இன்னோர் எண் இருக்கிறது, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. 2003, 2004 ஆண்டுகளில் சிவில் சர்வீஸ் தேர்வு எழுதியவர்களில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம்தான். எழுதியவர்களில் வெற்றி பெற்ற விகிதமோ மற்றவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிய பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே ஜெயித்திருக்கிறார்கள். எழுதத்தான் போகவில்லை. வேறு தடைகள் இல்லவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு காரணம் நம் கையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சிலர் பணி ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடத்துக்குப் புதிதாகச் சிலர் வர வேண்டும். வருவது நின்றால் கழுகின் கணக்குதான். ஒரு தெருவில் ஓர் அதிகாரி இருந்தால் அவரைப் பார்த்து பத்துப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். பார்க்க ஆளே இல்லையென்றால் ஆசையும் இல்லை.

எங்கள் பங்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பட்டம் முடித்த ஒரு மகள் தன் அத்தாவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு உதவி கேட்டார். "பொண்ணுக்குப் போலீஸ் வேலை எதுக்கும்மா, பி.எட். படி, கட்டணம் நாங்க கட்டுறோம்" என்று சொல்லி அனுப்பினோம். நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம். மாட்டுக்கு ஊசி போட்டவரும் அப்படித்தான் நினைத்தார். அந்த மகள் மறுபடி வரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

இன்னொன்று. ஒரு தம்பி மத்திய அரசுத் தேர்வுக்குத் தயாரானார். சாதிச் சான்றிதழ் பற்றி எங்களிடம் கேட்டபோது, "பி.சி. முஸ்லிம் சான்றிதழ்தான் இருக்கே, அது போதும்" என்றோம். அது போதாது. உரிய தேதிக்குள் உரிய சான்றிதழ் இல்லாததால் அவருக்கு வயதுச் சலுகை கிடைக்காமல் போனது. ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில் ஒரு பிள்ளையின் வாய்ப்பு போயிற்று. அதனால்தான் இனி வரும் விவரங்களைச் சரிபார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். பெற்றோர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயர் காவல் அதிகாரி ஆக மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல், யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வு. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எல்லாவற்றுக்கும் ஒரே தேர்வுதான். மதிப்பெண் தரவரிசையும் நாம் கொடுக்கும் விருப்ப வரிசையும் பார்த்து ஒதுக்குவார்கள். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு பட்டம் போதும். அஞ்சல்வழியில் படித்த பட்டமும் செல்லும். ஆலிம் பட்டம் பெற்ற பிள்ளைகள் கூடவே ஒரு பி.ஏ. முடித்துவிட்டால் இந்த வாசல் திறந்துவிடும். முப்பது ஜுஸ்உவையும் நெஞ்சில் ஏந்தும் ஹாஃபிழ்களுக்கு உட்கார்ந்து படிக்கும் பொறுமையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

பொதுப்பிரிவுக்கு 21 முதல் 32 வயது வரை, 6 முறை எழுதலாம். ஓ.பி.சி. பிரிவுக்கு 35 வயது வரை, 9 முறை. முதல்நிலைத் தேர்வில் இரண்டு தாள்கள். முதல் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். கழுகுக் கேள்வி வந்தது இந்தத் தாளில்தான். இரண்டாவது தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும். முதன்மைத் தேர்வு 1750 மதிப்பெண், நேர்முகம் 275. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். முதல்நிலைத் தேர்வுக்கு மதுரையிலேயே மையம் உண்டு. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கு அதுவும் கிடையாது.

ஐ.பி.எஸ்.ஸுக்கு ஆண்களுக்கு 165 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. உயரம் வேண்டும். தேர்வானால் முசோரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு ஹைதராபாத் சர்தார் வல்லபாய் படேல் காவல் அகாடமி. அதன்பின் ஏ.எஸ்.பி., எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி., ஏ.டி.ஜி.பி., டி.ஜி.பி. என்று படிகள்.

இரண்டாவது வாசல், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1. இதில் வென்றால் நேரடியாக டி.எஸ்.பி. ஆகலாம். பிறகு பதவி உயர்வில் ஐ.பி.எஸ். தகுதியும் வரும். இங்கே நம் 3.5 சதவீத பி.சி. முஸ்லிம் இடஒதுக்கீடு உண்டு. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தனியாக 20 சதவீத முன்னுரிமை உண்டு. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்ததைக் குறையாக நினைக்கும் பிள்ளைகளே, அது உங்கள் கையில் இருக்கும் சொத்து. பள்ளிகளிலிருந்து அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாசல், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வுகள். பட்டம் பெற்றவர்கள் சப் இன்ஸ்பெக்டராகலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் இரண்டாம் நிலைக் காவலராகலாம். அங்கிருந்துகொண்டே படித்து மேலே வந்தவர்கள் உண்டு. இதைத் தாழ்வாக எண்ண வேண்டாம்.

சான்றிதழ் விஷயம். மாநிலத் தேர்வுகளுக்கு பி.சி. முஸ்லிம் சான்றிதழ். மத்தியத் தேர்வுக்கு "ஓ.பி.சி., கிரீமி லேயர் அல்லாதவர்" என்ற தனிச் சான்றிதழ். இரண்டும் வேறு வேறு. லெப்பை என்ற பெயரின் கீழ் ராவுத்தரும் மரைக்காயரும் சேர்ந்தே மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மற்ற பிரிவினர் மத்தியப் பட்டியலில் தங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் கணக்கிடும் முறை வேறு என்பதால் தாசில்தார் அலுவலகத்தில் விளக்கமாகக் கேளுங்கள். இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதிவரை காத்திருக்காதீர்கள்.

பயிற்சிக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்று பயப்படுகிறோம். சென்னையில் தமிழ்நாடு அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வு வைத்து எடுத்துக்கொள்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அண்ணா நூற்றாண்டுப் பயிற்சி மையம் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் தேர்வாகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதம் கிடைக்கும். டெல்லி ஜாமியா மில்லியாவில் சிறுபான்மையினர், பட்டியலினத்தவர், பெண்களுக்குத் தங்கிப் படிக்கும் பயிற்சி அகாடமி உண்டு. இவை எதுவும் இல்லையென்றாலும் நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குளிர்சாதன அறை, நாற்காலி, புத்தகம் எல்லாம் இலவசம். நம் தெருப் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர் போகிறார்கள்?

குஜராத்தில் பாலன்பூர் அருகே கனோதர் என்ற ஊரைச் சேர்ந்த ஸஃபின் ஹசன், எளிய குடும்பத்துப் பிள்ளை. தாயார் உணவகங்களுக்கும் விசேஷங்களுக்கும் சப்பாத்தி உருட்டிக் கொடுத்து உழைத்தவர். மகன் 2017ஆம் ஆண்டுத் தேர்வில் 570ஆவது இடம் பெற்று, 22 வயதில் ஐ.பி.எஸ். ஆனார். அந்தத் தாயைப் போன்ற எத்தனை தாய்மார்கள் இந்த அரங்கத்தில் அமர்ந்திருக்கிறீர்கள்!

"சீருடை போட்டால் தாடி வைக்க விடமாட்டார்களே" என்று கேட்பார்கள். நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே அந்தக் கேள்வி வந்தது. ஹஜ் முடித்து தாடியோடு திரும்பிய ஒரு காவலருக்குத் தண்டனை கொடுத்த வழக்கு. 1957ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெஜட்டிலேயே முஸ்லிம் காவலர்கள் ஒழுங்காகக் கத்தரித்த தாடி வைத்துக்கொள்ள அனுமதி இருப்பதை எடுத்துக்காட்டி, 2024 ஜூலையில் காவலருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அனுமதி ஏற்கெனவே இருந்திருக்கிறது. தெரியாமலே நாம் ஒதுங்கியிருக்கிறோம். பெண் பிள்ளைகளின் உடை பற்றிய கேள்வியையும் இப்படியே விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆலிம்களோடும் அதிகாரிகளோடும் பேசித் தெளிவோம். பேசாமலே கதவைச் சாத்த வேண்டாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "நம்ம ஆள் ஒருத்தர் போலீஸில் இருந்தால் நமக்கு உதவியாக இருக்கும்" என்ற எண்ணத்தில் யாரும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம், நமக்கே எதிராகவோ, பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவோ இருந்தாலும் நீதியில் உறுதியாக நிற்கும்படி ஏவுகிறது. நம் பிள்ளை எஸ்.பி. ஆன பிறகு, நம் தெருக்காரர் தவறு செய்தால் முதலில் அவர் கையில் விலங்கு மாட்டத் துணிய வேண்டும். இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, ஒரு ஏழைத் தாய் நள்ளிரவில் ஸ்டேஷன் படியேறினால் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து மனுவை வாங்க வேண்டும். காவல் நிலையம் என்றாலே நம் வீட்டுப் பெண்களுக்குக் கால் நடுங்குகிறது. அந்த நடுக்கம் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் வரக் கூடாது. பதவி அமானிதம். மறுமையில் கணக்குக் கேட்கப்படும்.

அறக்கட்டளையின் முடிவுகளைச் சொல்லி அமர்கிறோம். இந்த ஆண்டிலிருந்து போட்டித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் மாணவியருக்கும் கல்விக் கட்டணம் போலவே உதவி உண்டு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. விண்ணப்பக் கட்டணம், புத்தகம், சென்னை சென்று முதன்மைத் தேர்வு எழுதும் பயணச் செலவு எல்லாம் இதில் அடங்கும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் சான்றிதழ் உதவி மேசை இருக்கும். முன்பு நாங்கள் திருப்பி அனுப்பிய மகள் இதைப் படித்தால், அல்லது அவரை அறிந்தவர்கள் இருந்தால், எங்கள் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

பெற்றோர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். பிள்ளை படிக்க உட்காரும் நேரத்தில் டி.வி.யை அணையுங்கள். முதல் முறை தோற்றால் கடையில் உட்கார வைத்துவிடாதீர்கள். மாடு ஆடு வளர்ப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். 2006இலிருந்தே கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை. மனிதருக்கான மருந்தை வாங்கி மாட்டுக்குப் போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டால் மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மருந்தைச் சொல்வார். நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. முற்றிலும் போய்விடவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதைத் திருத்தவும் தொடங்கியதால்தான் அந்தக் கூடுகளுக்கு இன்னும் வழி இருக்கிறது.

"ஐ.பி.எஸ்." என்று எழுதிய பிள்ளையே, உன் கேள்விக்கு எங்களால் முடிந்த பதில் இதுதான். அடுத்த ஆண்டு விண்ணப்பங்களில் அந்தக் கட்டத்தில் உன்னைப் போல இன்னும் பத்துப் பேர் எழுதியிருந்தால் இந்த உரைக்குக் கூலி கிடைத்துவிட்டது என்று நினைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நீதி தவறாத உள்ளத்தையும் தருவாயாக. உன் படைப்புகள் அனைத்துக்கும் எங்களை நல்ல பொறுப்பாளர்களாக ஆக்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.